இருண்ட திரையும் வாரக் கூலியும்

மறுமொழி கூற முடியாத வாக்கியம் ஒன்று நம் காலத்தில் பிறந்திருக்கிறது. ‘சிஸ்டம் வேலை செய்யவில்லை; திங்கட்கிழமை வாருங்கள்’ என்பதே அது. ரேஷன் கடை, வங்கி, தாலுகா அலுவலகம், மருத்துவமனை முகப்பு என்று எங்கும் அதைக் கேட்கிறோம். கேட்டதும் திரும்பி நடக்கிறோம். மனிதர் ஒருவர் ‘தரமாட்டேன்’ என்றால் ஏன் என்று கேட்போம். இயந்திரம் தரவில்லை என்றால் யாரைக் கேட்பது? மழை பெய்ததற்கு யாரை நொந்துகொள்வது என்பது போல அதையும் ஏற்றுக்கொண்டுவிடுகிறோம்.

அந்த வாக்கியத்தை உடனே ஏற்றுக்கொள்ளாமல் சற்று நின்று பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தை எனக்குத் தந்தது போடிமெட்டுக்கு அப்பாலுள்ள ஒரு சிறிய ஏலத்தோட்டம். அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன் அந்த மலையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும்.

தேனி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், முந்தலிலிருந்து ஏறும் மலைப்பாதை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. கீழே போடிநாயக்கனூரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். மேலே மூடுபனி எதிரே வரும் வண்டியையும் மறைத்து நிற்கும். உச்சியில் சோதனைச் சாவடி. அதற்கு மேற்கே கேரளம். 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. கோடு நிலத்தைப் பிரித்ததே தவிர உழைப்பைப் பிரிக்கவில்லை. இன்றும் விடியுமுன் போடியிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் ஜீப்புகள் புறப்படுகின்றன. தூக்குவாளியும் பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களில் பகல் முழுவதும் காய் எடுத்துவிட்டு, பிற்பகலில் அதே வளைவுகளில் இறங்குகிறார்கள்.

தமிழில் ஏலம் என்ற சொல்லுக்கு இரு பொருள். செடிக்கும் அதுவே பெயர். விலை கூவி விற்பதற்கும் அதுவே பெயர். எங்கள் ஊரில் ஏலத்தை ஏலம் விடுகிறார்கள் என்றால் வெளியூர்க்காரர் சிரிப்பார். எங்களுக்கோ அது அன்றாடச் செய்தி. முன்பு அந்த ஏலம் குரலால் நடந்தது. 2007இல் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்த பின், போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் வணிகர்கள் கணிப்பொறித் திரைகளின் முன்னே அமர்கிறார்கள். கையில் மாதிரிக் காய், கண் திரையில். விலை வாயிலிருந்து விரலுக்கு வந்துவிட்டது. ஒரு வணிகரின் திரை இருண்டுவிட்டால் அவருக்கு முன்னே இருக்கும் காய் மறுநொடியே இன்னொருவருடையதாகிவிடும்.

மேலே விற்பனையில் புகுந்த திரை, மெல்ல மெல்லக் கீழே தோட்டத்துக் கணக்கறைக்கும் வந்தது. நான் சொல்ல வந்தது அந்தக் கணக்கறைத் திரையைப் பற்றி.

பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். தெரிந்த குடும்பமொன்றின் தோட்டத்துக்குச் சனிக்கிழமைகளில் சென்று வரவு செலவைச் சரிபார்த்துத் தருவது வழக்கமாயிற்று. காய் உலர்த்தும் ஸ்டோரின் ஓரத்தில் தகரக் கூரை வேய்ந்த ஓர் அறை, அதுதான் கணக்கறை. ஒரு மடிக்கணினி இருந்தது. எப்போதோ கீழே விழுந்து அதன் சொந்தத் திரை கீறல் விட்டுப்போனதால், பழைய மேசைத் திரை ஒன்றைக் கம்பியால் இணைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கணக்கெழுதும் இளைஞர் நல்லவர். கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வந்தவர். ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் எடுத்த காயின் எடையை அதில் பதிவார். அளவுக்கு மேல் எடுத்த காய்க்குத் தனிக்கூலி உண்டு. வாங்கிய முன்பணத்தில் வாரந்தோறும் சிறிது கழிப்பதும் உண்டு. எனவே ஒருவருடைய வாரக் கூலி எவ்வளவு என்பது அந்த இயந்திரத்துக்கு மட்டுமே தெரிந்திருந்தது. கங்காணியிடம் வருகைப் பதிவு மட்டும் ஒரு சிறு நோட்டில் இருக்கும்.

ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை அது. முந்தைய இரவு இடியும் மின்னலுமாக மலை குலுங்கியிருந்தது. ஏலமலைப் பகுதிக்கு ஐப்பசி மின்னல் புதிதன்று. வியப்பு வேறொன்று. மின்சாரம் பிறக்கும் மலைகள் இவை. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் லோயர் கேம்ப்பில் விழுந்து மின்சாரமாகிறது. 1940இல் பள்ளிவாசலில் ஓடத் தொடங்கிய நீர்மின் நிலையமும் இதே மலைத்தொடரில்தான் இருக்கிறது. ஆனாலும் காற்றும் மழையும் வந்தால் முதலில் இருள்வது இந்த மலைவீடுகளே.

அன்று மின்சாரம் போகவில்லை. அறையில் விளக்கு எரிந்தது. மடிக்கணினியின் விசிறி ஓடும் ஓசையும் கேட்டது. திரை மட்டும் கரும்பலகையாக நின்றது. இளைஞர் பொத்தானை அழுத்தினார், மீண்டும் அழுத்தினார், பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு வெளியே வந்து, நாம் அனைவரும் அறிந்த அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

“சிஸ்டம் ஓடலம்மா. போடியில இருந்து ஆள் வரணும். திங்கக்கிழமை சேத்து வாங்கிக்கிடலாம்.”

ஸ்டோர் வாசலில் 31 பேர் நின்றிருந்தார்கள். ஒருவரும் சண்டையிடவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. முகங்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்தன. மறுநாள் ஞாயிறு, வாரத்துக்கான அரிசியும் மளிகையும் வாங்கும் நாள். திங்கட்கிழமை கூலி என்பது கையில் பணமிருப்பவருக்கு இரண்டு நாள் தாமதம். அவர்களுக்கோ இரண்டு நாள் கடன். அந்தக் கடனுக்கு வட்டி உண்டு; கடைக்காரரின் முகக்குறிப்பும் உண்டு. வயது முதிர்ந்த ஒரு பெண்மணி மட்டும் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

“கரண்டு இருக்குல்ல சார்? பல்பு எரியுதே. பெறகு இது மட்டும் ஏன் எரியல?”

கல்வி பெற்றவர்கள் நாங்கள் இருவர் அங்கே இருந்தோம். சரியான முதற்கேள்வியைக் கேட்டவர் அவர்தான்.

பழுது பார்ப்பது என்பது பெரும்பாலும் ஒரு சங்கிலியைக் கண்ணி கண்ணியாகத் தொட்டுப் பார்ப்பதுதான். எங்கள் மலைக்கு அது நன்கு தெரிந்த பாடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கின் தேயிலை சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிப் பக்கம் இறங்கும். பிறகு வண்டிகளில் போடிக்கு வந்து சேரும். போடியில் தேயிலை வந்து சேரவில்லை என்றால் தேயிலைச் செடி பட்டுப்போயிற்று என்று எவரும் முடிவு கட்டமாட்டார்கள். வண்டி நின்றதா, வடம் அறுந்ததா, ரயில் நின்றதா என்றே கேட்பார்கள். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்தச் சிறு ரயிலை அழித்தபோது அறுந்தது ஒரு கண்ணி. தேயிலை மலை அப்படியே இருந்தது.

திரைக்கும் அதே முறைதான். சுவரிலிருந்து தொடங்கி முகம் வரை வரவேண்டும். இடையில் தாவக் கூடாது.

அறையின் விளக்கு எரிகிறது என்பதால் திரைக்கு மின்சாரம் வருகிறது என்று பொருளாகாது. விளக்குக்கு ஒரு வழி. பிளக்குக்கு வேறு வழி. திரையின் பிளக்கைப் பிடுங்கி, அதே துளையில் கங்காணியின் கைபேசி சார்ஜரைச் செருகினோம். கைபேசி அசையவில்லை. அதே பலகையின் அடுத்த துளையில் செருகியதும் உயிர் பெற்றது. ஆகவே முதற்கண்ணி அறுந்திருந்தது. மலையின் ஈரம் பித்தளைத் தகடுகளைப் பச்சை பூக்க வைத்து, ஒரு துளையைச் செயலிழக்கச் செய்திருந்தது. அறையில் எல்லாவற்றையும் குற்றம் சாட்டினார்கள். அந்தத் துளையை மட்டும் யாரும் நினைக்கவில்லை.

திரையின் பிளக்கை நல்ல துளைக்கு மாற்றினோம். கம்பியின் மறுமுனை திரையின் முதுகில் செருகும் இடத்தையும் அழுத்திப் பார்த்தோம். மேசையை நகர்த்தும்போதெல்லாம் தளர்ந்துவிடும் முனை அது. இப்போது பொத்தானை அழுத்தியதும் திரையின் கீழ்மூலையில் சிறு விளக்கு எரிந்தது. நீல நிறம்.

அந்தச் சிறு விளக்கின் நிறத்தைப் பொருட்படுத்தாமல் விடுவோர் பலர். பெரும்பாலான திரைகளில் நீலமோ பச்சையோ எரிந்தால் மின்சாரமும் வருகிறது, கணிப்பொறியிலிருந்து படமும் வருகிறது என்று பொருள். மஞ்சள் எரிந்தால் அல்லது மினுக்கினால், மின்சாரம் உண்டு, படம் வரவில்லை என்று பொருள். மஞ்சளாக இருந்திருந்தால் எங்கள் அடுத்த கேள்வி படம் கொண்டுவரும் கம்பிக்குப் போயிருக்கும். இரு முனைகளையும் கழற்றித் துடைத்துச் செருகவேண்டும். வேறு கம்பி இருந்தால் மாற்றிப் பார்க்கவேண்டும். திரையில் இரண்டு மூன்று நுழைவாயில்கள் இருந்தால் எந்த வாயிலைத் தேர்ந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். மடிக்கணினி தன் படத்தைத் தன் உடைந்த திரைக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. விளக்கு நீலமாகவே எரிந்தது.

ஆனால் திரை இருண்டே கிடந்தது.

“இப்ப என்ன சார்?” என்றார் இளைஞர். அவர் குரலில் ஆறுதல் கலந்திருந்தது. முயன்றாயிற்று, இனி நம் பொறுப்பு முடிந்தது என்ற ஆறுதல். முதற்குறை தீர்ந்தும் பொருள் இயங்காவிட்டால் மனிதன் சோர்ந்துவிடுகிறான். குறைகள் சில நேரம் ஒன்றன் பின்னால் ஒன்று ஒளிந்து நிற்கும். முன்னால் நிற்பது விலகினால்தான் பின்னால் நிற்பது கண்ணுக்குப் படும்.

திரையை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, உள்ளே தேங்கிய மின்னோட்டம் வடியவிட்டு, மீண்டும் இயக்கினோம். அப்போது ஒன்று நடந்தது. ஒரு நொடி, ஒரே நொடி, திரை முழுவதும் ஒளிர்ந்தது, கட்டங்களும் பெயர்களும் தெரிந்தன, உடனே அணைந்தது.

நின்று கவனிக்காதவருக்கு அது ஏமாற்றம். கவனித்தவருக்கு அதுவே விடை.

இதை விளங்கிக்கொள்ளத் திரையின் பிறப்பைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்கவேண்டும். நம் வீடுகளில் முன்பு இருந்த தொலைக்காட்சிப் பெட்டி, 1897இல் ஜெர்மனியின் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் உருவாக்கிய குழாயின் வழித்தோன்றல். அதில் எலக்ட்ரான் கற்றை கண்ணாடியின் பின்பூச்சைத் தாக்கும். தாக்கிய இடம் தானே ஒளிரும். படமும் ஒளியும் அங்கே ஒன்று. அது இருண்டால் படமும் இல்லை.

இன்றைய தட்டைத் திரை வேறு வம்சம். அதன் மூலத்தைக் கண்டவர் ஒரு தாவரவியலாளர் என்பது ஏலச்செடியோடு வாழும் எங்களுக்கு இனிப்பான செய்தி. 1888இல் பிராக் நகரில் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் என்பவர் கேரட் கிழங்கிலிருந்து பெற்ற ஒரு கொழுப்புப் பொருளை ஆராய்ந்தார். அது 145 பாகைக்குச் சற்று மேலே உருகிக் கலங்கலான நீர்மமாயிற்று. 178 பாகைக்கு மேலே சென்றபோதுதான் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா என்று வியந்து, ஓட்டோ லேமான் என்ற இயற்பியலாளருக்கு எழுதினார். திண்மமும் அல்லாத, முழு நீர்மமும் அல்லாத அந்த இடைநிலையே திரவப் படிகம். 80 ஆண்டுகள் கழித்து, 1968இல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஹைல்மேயரின் குழு அதைக் கொண்டு உருவம் காட்டும் கருவியை உலகுக்கு அறிவித்தது.

திரவப் படிகத்தின் இயல்பு ஒன்றுண்டு: அது தானாக ஒளிராது. மின்சாரம் சொல்கிறபடி ஒளியைத் தடுக்கும் அல்லது விடும், அவ்வளவே. ஆகவே அதன் முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஒரு விளக்கு எரிய வேண்டும். பழைய திரைகளில் மெல்லிய குழல் விளக்குகள் இருந்தன. பின்னர் வந்தவற்றில் எல்.இ.டி. விளக்குகள். நீல நிற எல்.இ.டி.யைக் கண்டு வெண்ணொளிக்கு வழி திறந்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தப் பின்விளக்கோ அதை எரியவைக்கும் சுற்றோ பழுதானால், ஒரு கணம் எரிந்து, தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். படமோ முன்னால் அப்படியே நின்றிருக்கும். பார்க்க ஒளி இல்லை; அவ்வளவே.

“டார்ச் இருக்குமா?” என்று கேட்டேன்.

இந்த மலையில் டார்ச் இல்லாத கங்காணி கிடையாது. சின்னக்கானல், சாந்தன்பாறை வட்டாரத்தில் அரிசி தேடி வீடுகளையும் கடைகளையும் உடைத்துப் பெயர் பெற்ற அரிக்கொம்பன் யானை 2023இல் பிடிபட்டுச் சென்றபின்னும், விடியற்காலையில் ஒளியின்றித் தோட்டத்துக்குள் எவரும் காலடி வைப்பதில்லை. கங்காணியின் டார்ச்சும் யானையை எண்ணி வாங்கியதுதான். வெளிச்சம் கத்திபோல் பாயும். அதைத் திரைக்கு மிக அருகில், சற்றுச் சாய்வாகப் பிடித்தோம்.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் சாம்பல் பின்னணியில் மங்கிய எழுத்துகள். ஒரு பெயர். அதற்கு நேரே திங்கள், செவ்வாய், புதன் எடைகள். டார்ச்சை நகர்த்தினால் அந்தப் பெயர் மறைந்து அடுத்த பெயர் வந்தது. அனைத்தும் இருந்தன. காலை முதல் இருந்தன. நாங்கள் கூடி நின்று ‘போயிற்று’ என்று பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவை இருந்துகொண்டே இருந்தன.

அச்சுப்பொறி அந்தத் தோட்டத்தில் இல்லை. அதனால் பழைய வழக்கத்துக்குத் திரும்பினோம். எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்ட அந்த அம்மாவே டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். இளைஞர் முகத்தைத் திரையோடு ஒட்டிக்கொண்டு வாசித்தார். நான் நீளத்தாளில் எழுதினேன். கங்காணி தம் நோட்டிலிருந்து வருகையைச் சொல்லி ஒத்துப் பார்த்தார். கூலிப்பணம் முன்பே தயாராக இருந்தது. ஜீப் ஓட்டுநர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். பிறகு அவரும் இறங்கி வந்து வாசலில் நின்று கேட்கத் தொடங்கினார்.

பாதி வழியில் ஒரு தடங்கல் வந்தது. ஒரு பெண்ணின் பெயரையும் செவ்வாய்க்கிழமை எடையையும் வாசித்தபோது, அவரே வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

“செவ்வாய்க்கிழமை நா வேலைக்கே வரலியே தம்பி. அது எங்கணக்கு இல்ல. மேலத்தெருக்காரியோடது.”

தோட்டத்தில் ஒரே பெயருடைய இருவர் இருந்தார்கள். ஒருவரின் எடை மற்றவரின் கட்டத்தில் விழுந்திருந்தது. கங்காணியின் நோட்டும் அதையே சொன்னது. முந்தைய வாரத்தைத் திறந்து பார்த்தால் அங்கும் ஒருநாள் அப்படி மாறியிருந்தது. இரண்டு வாரமும் கூலி குறைந்தவர் ஒன்றும் சொல்லவில்லை; கணிப்பொறி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணியிருக்கிறார். கூடுதலாக வந்தவர் தம் கணக்கைத் தாமே அறியாதவர். அன்று எண்ணிக்கை உரக்க வாசிக்கப்பட்டதால் அது வெளிவந்தது. தமக்கு வந்த மிகுதியைத் தாமே மறுத்துப் பேசிய அந்தப் பெண், கூலித் தாளில் பெருவிரல் மை வைத்துவிட்டு இறங்கிப் போனார். அவரை யாரும் பாராட்டவில்லை; அவரும் எதிர்பார்க்கவில்லை.

31 பேருக்கும் அன்றே கூலி கிடைத்தது. ஜீப்புகள் இரண்டு மணி நேரம் தாமதமாக இறங்கின.

இதைப் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தமிழில் திரை என்பதற்கும் ஏலம் போலவே ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டு. காட்டுவதும் திரை, மறைப்பதும் திரை. கணக்கறையில் அது எப்போதும் ஒருவர் முகத்தை மட்டுமே பார்த்து நின்றது. மேசைக்கு அப்புறம் நின்றவர்கள் கண்டதெல்லாம் அதன் முதுகு. அது நன்றாக ஒளிர்ந்த நாள்களில்தான் அந்தப் பெண்ணின் கூலி குறைந்தது. அது இருண்ட நாளில் கணக்கு பொதுவில் வாசிக்கப்பட்டது; பிழை தெரிந்தது. ஆகவே கணிப்பொறி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பச்சைக் காய் ஏறக்குறைய ஐந்து கிலோ உலர்ந்தால் ஒரு கிலோவாகும் தொழில் இது. எடையும் நீர்ப்பதமும் விலையும் நாளுக்கு நாள் மாறும். கூட்டிக் கழிக்க இயந்திரம் வேண்டியதுதான். ஆனால் உழைத்தவரின் கணக்கு உழைத்தவரின் கைக்கெட்டாத ஓரிடத்தில் மட்டும் இருப்பது முறையன்று. முன்பு கூலிக்காரரின் மடியில் ஒரு சிறு புத்தகம் இருக்கும். அன்றன்று எழுதி வாங்கிக்கொள்வார். எழுதத் தெரியாதவரும் பிள்ளையிடம் காட்டிக் கேட்டுக்கொள்வார். அந்தப் புத்தகத்துக்குப் பின்விளக்கு தேவைப்படவில்லை.

இன்னொன்றும் உண்டு. இயந்திரம் நின்றால் காத்திருப்பது யார்? தோட்டக்காரர் காத்திருப்பதில்லை, அவருக்குப் பிற வழிகள் உண்டு. கணக்கர் காத்திருப்பதில்லை, அவருக்குச் சம்பளம் மாதத்துக்கு. காத்திருப்பு எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்பவர் தோளில் இறங்குகிறது. தண்ணீர் பள்ளத்தை நாடுவது போல, கருவியின் பழுது ஏழையை நாடிச் செல்கிறது. ஆதலால் ஒரு பிளக்கைக் கழற்றி மாற்றிச் செருகிப் பார்க்கும் ஐந்து நிமிடம் தொழில்நுட்பம் மட்டுமன்று. அது அடுத்தவருக்குச் செய்யும் நீதி. ‘திங்கட்கிழமை’ என்று சொல்லுமுன் சுவரிலிருந்து முகம் வரை ஒருமுறை தொட்டுப் பார்க்கும் கடமை, மேசைக்கு இப்பால் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

அதற்குப் பெரும் படிப்பு வேண்டாம். துளையில் மின்சாரம் உண்டா என்று வேறொரு கருவியால் பார்க்கவேண்டும். முனைகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். சிறு விளக்கின் நிறம் என்ன சொல்கிறது என்று பார்க்கவேண்டும். படம் வரும் கம்பியைக் கழற்றித் துடைத்துச் செருகவேண்டும். எதுவும் பலிக்காவிட்டால் ஒரு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கவேண்டும். ஒன்றே ஒன்றைச் செய்யக் கூடாது: பெட்டியைத் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். பழைய குழாய்த் திரைகளில் அது உயிரையே பறிக்கவல்லது. அங்கே நம் அறிவின் எல்லை முடிகிறது. கைத்தொழில் தெரிந்தவரின் எல்லை தொடங்குகிறது. மலைவாசிகளுக்கு மேலும் ஒன்று: இடி முழங்கத் தொடங்கினால் பொத்தானை அணைப்பது போதாது, பிளக்கையே கழற்றிவிட வேண்டும்.

அந்தத் தோட்டத்துக்குப் பிறகு வேறு திரை வந்தது. பழைய பின்விளக்கைச் சரிசெய்யும் செலவில் இன்னொரு திரையே வாங்கிவிடலாம் என்று போடியில் கடைக்காரர் சொன்னாராம். ஆனால் புதிய திரையைவிட எனக்கு நிறைவளித்தது வேறொரு மாற்றம். வெள்ளி மாலையே அந்த வாரக் கணக்கை நீளத்தாளில் எழுதி ஸ்டோர் கதவில் ஒட்டிவிடுகிறார் அந்த இளைஞர். அவராகவே தொடங்கியது அது. ஒரே பெயருடைய இருவருக்கும் பெயரோடு தெருவையும் சேர்த்து எழுதுகிறார். பெண்கள் காய்க்கூடையை இறக்கி வைத்துவிட்டு அதன்முன் நின்று விரல் வைத்துப் படிக்கிறார்கள். படிக்கத் தெரியாதவருக்குத் தெரிந்தவர் வாசிக்கிறார். சில வாரங்களில் அடித்துத் திருத்திய எண்கள் அந்தத் தாளில் தென்படும். அடித்தல் திருத்தல் இல்லாத கணக்கைவிட அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

நாம் அன்றாடம் நிற்கும் வரிசைகளில் இனி அந்த வாக்கியம் காதில் விழும்போது, கோபப்படாமல், குரல் உயர்த்தாமல், ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். அந்த முதிய பெண்மணி கேட்ட அதே கேள்விதான். பல்பு எரிகிறதே, பிறகு இது மட்டும் ஏன் எரியவில்லை?